ஜோன் செய்துகொண்ட திருமணம்: முதலாம் எட்வர்ட் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்வு

1297 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் மகள் ஜோன், தன் வீட்டுப் பணியில் இருந்த ஒரு வீரரை யாருக்கும் சொல்லாமல் மணந்துகொண்டார். அப்போது அவருக்கு 24 வயது. முதல் கணவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நான்கு குழந்தைகள், மூத்தவனுக்கு ஐந்து வயது. நாட்டிலேயே மிகப் பெரிய நிலவுடைமைகளில் ஒன்று அவர் கையில் இருந்தது. புது மாப்பிள்ளை ரால்ஃப் டி மான்தர்மருக்கோ நிலமும் இல்லை, பட்டமும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான குடும்பமும் இல்லை.

அதே வாரங்களில் தந்தை வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் சவாய் நாட்டை ஆண்ட ஐந்தாம் அமடேயஸுக்கு ஜோனைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்தது. மார்ச் 16 அன்று மன்னர் அதற்கு எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் தந்தார். பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டிருந்தது.

இதைக் காதல் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. காதல் இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காதலித்த எல்லா இளவரசிகளாலும் இப்படிச் செய்ய முடிந்ததில்லையே. ஜோனால் முடிந்ததற்கு முக்கியமான காரணம், ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தந்தையே கேட்டு எழுதி வாங்கிய ஒரு நிலப் பத்திரம் என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள அந்தக் குடும்பத்தில் திருமணங்கள் எப்படி நடந்தன என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

நிலத்துக்காக நடந்த முதல் கல்யாணம்

எட்வர்டின் சொந்தத் திருமணமே ஒரு நிலத் தகராறைத் தீர்க்க நடந்ததுதான். பிரான்சின் தென்மேற்கில் உள்ள காஸ்கனி, ஆங்கிலேய மன்னர்களின் உடைமை. ஸ்பெயின் பக்கம் காஸ்டீல் நாட்டை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோ அதற்கு உரிமை கோரினார். 1254 நவம்பர் 1 அன்று பர்கோஸ் நகரை ஒட்டிய லாஸ் உவெல்காஸ் மடத்தில், 15 வயது எட்வர்டுக்கும் அல்ஃபோன்சோவின் தங்கை எலினோருக்கும் மணம் முடிந்தது. பெண்ணுக்குச் சுமார் 13 வயது. அல்ஃபோன்சோ தன் உரிமையை விட்டுக்கொடுத்தார், தகராறு தீர்ந்தது.

பேரமாகத் தொடங்கிய அந்த வாழ்க்கை 36 ஆண்டுகள் நீடித்தது, நன்றாகவே நடந்தது. எட்வர்ட் சிலுவைப் போருக்குப் போனபோது எலினோரும் கூடவே போனார். பாலஸ்தீனக் கடற்கரையில் இருந்த ஆக்கர் நகரில் 1272 வசந்த காலத்தில் பிறந்தவர்தான் ஜோன். அதனால் வரலாற்றில் அவருக்கு ‘ஆக்கர் ஜோன்’ என்றே பெயர். திரும்பும் வழியில் குழந்தையைப் பிரான்சின் பொந்தியு பகுதியில், எலினோரின் தாயிடம் விட்டுவிட்டு வந்தார்கள். சுமார் ஆறு வயது வரை ஜோன் அந்தப் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பெற்றோரின் கண்டிப்பு படாத அந்த வருடங்கள் அவருடைய பிடிவாதத்துக்குக் காரணமாக இருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இதற்குச் சான்று எதுவும் கிடையாது, என் ஊகம் மட்டுமே.

எலினோர் குறைந்தது 14 பிள்ளைகளைப் பெற்றார். 16 வரை எண்ணுகிறவர்களும் உண்டு. தாய் இறக்கும்போது உயிரோடு இருந்தவர்கள் ஆறே பேர். மூத்த மகன் ஜான் 1271இல் ஐந்து வயதில் இறந்தான். அவன் இறந்த சேதியும் தன் தந்தை மூன்றாம் ஹென்றி இறந்த சேதியும் எட்வர்டை எட்டியபோது அவர் சிசிலியில் இருந்தார். தந்தைக்காகவே அதிகம் அழுதாராம். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளைகளை மறுபடி பெறலாம், தந்தையைப் பெற முடியாது என்றாராம். அக்கால நாளேடுகள் (ஆண்டு வாரியாக எழுதிவைத்த வரலாற்றுக் குறிப்புகள்) சொல்லும் கதை இது. அடுத்த மகன் ஹென்றி 1274இல் ஆறு வயதில் கில்ஃபர்டில் இறந்தான். மூன்றாமவன் அல்ஃபோன்சோ பத்து வயது வரை வளர்ந்தான். ஹாலந்து கவுண்ட் ஐந்தாம் ஃப்ளோரிஸின் மகளை அவனுக்கு நிச்சயம் செய்து, அந்தக் கல்யாணத்துக்காக ஓரங்களில் பறவைகளும் விலங்குகளும் வரைந்த ஒரு பைபிள் சங்கீதப் புத்தகத்தையும் எழுதத் தொடங்கினார்கள். 1284 ஆகஸ்ட் 19 அன்று பையன் இறந்துபோனான். அந்தப் புத்தகம் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடுகிறது.

மிஞ்சிய ஒரே மகன், அதே ஆண்டு ஏப்ரலில் வேல்ஸின் கெர்னார்வன் கோட்டையில் பிறந்த எட்வர்ட். நாலு மாதக் கைக்குழந்தை நாட்டின் வாரிசாகிவிட்டான்.

மகள்களும் ஒப்பந்தங்களும்

மகள்கள் ஐவர் பிழைத்தார்கள். நான்கு பேரை ஒப்பந்தங்களுக்குக் கொடுத்தார் தந்தை, ஒருவரைக் கடவுளுக்குக் கொடுத்தார்.

மூத்தவள் எலினோருக்கு, பின்னாளில் அராகன் நாட்டு மன்னரான இளவரசரை நிச்சயம் செய்திருந்தார்கள். 1282இல் பெண்ணை அனுப்பச் சொல்லி அங்கிருந்து ஆள் வந்தபோது தாயும் பாட்டியும் சேர்ந்து தடுத்தார்கள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயதுதான், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். தாமே அந்த வயதில் மணம் முடித்துக் கடல் கடந்து வந்த பெண்கள் அவர்கள், அந்தப் பயம் என்னவென்று தெரிந்தவர்கள். அப்புறம் சிசிலித் தகராறில் அராகன் அரச குடும்பத்தைப் போப் திருச்சபையிலிருந்து விலக்கிவிட்டதால் கல்யாணம் இழுத்துக்கொண்டே போனது. 1290இல் ஒரு பிரதிநிதியை மாப்பிள்ளை இடத்தில் நிற்கவைத்துச் சடங்கை முடித்தார்கள். மறு ஆண்டே மன்னர் இறந்தார். கணவரைக் கண்ணால் பார்க்காமலேயே அந்தக் கதை முடிந்தது. பிறகு 1293இல் பார் நாட்டுக் கவுண்ட் ஹென்றியை மணந்தாள்.

மார்கரெட்டை பிரபான்ட் டியூக்கின் மகனுக்குக் கொடுத்தார்கள். மேரியை ஆறேழு வயதில், 1285இல், ஏம்ஸ்பரி மடத்தில் சேர்த்தார்கள். மடத்தில் ஒதுங்க நினைத்த பாட்டிக்குப் பேத்தி துணை வேண்டியிருந்தது. மேரி அங்கே அடங்கி இருக்கவில்லை. அரண்மனைக்கு வந்துபோவாள், யாத்திரை போவாள், பகடை ஆடிய கடனைத் தந்தை அடைத்த கணக்கும் இருக்கிறது. அவளுக்காக ஆண்டுக்கு 40 ஓக் மரங்களும் 20 பெரிய பீப்பாய் ஒயினும் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆறு வயதில் எடுத்த துறவு அந்தக் குழந்தையின் முடிவு இல்லையே. கடைசி மகள் எலிசபெத் ஹாலந்துக்கு. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜோனுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை, ஜெர்மானிய மன்னர் ருடால்ஃபின் மகன் ஹார்ட்மன். 1281 டிசம்பரில் ரைன் ஆற்றில் படகு கவிழ்ந்து அவர் மூழ்கிப்போனார். அடுத்து உள்நாட்டிலேயே பார்த்தார்கள்.

1290 பத்திரம்

கிளாஸ்டர், ஹெர்ட்ஃபர்ட் ஆகிய இரண்டு பிரபுப் பட்டங்களையும் வைத்திருந்த கில்பர்ட் டி கிளேருக்கு அப்போது 46 வயது. இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து மூன்றிலும் நிலம். வேல்ஸில் கேர்ஃபிலி என்ற மாபெரும் கோட்டையைக் கட்டியவர். எல்லைப் பகுதியில் அரசருக்குக் கட்டுப்படாமல் சொந்தமாகப் படை நடத்துகிற அளவுக்குப் பலம் உள்ளவர். முதல் மனைவியோடு ஆன திருமணம் 1285இல் ரத்தாகியிருந்தது, இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவரைக் குடும்பத்துக்குள் இழுத்துக் கட்டிப்போடுவதுதான் எட்வர்டின் திட்டம். பெண் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். கில்பர்ட் தன் நிலம் முழுவதையும் முதலில் மன்னரிடம் ஒப்படைக்க வேண்டும். மன்னர் அதைக் கில்பர்ட், ஜோன் இருவர் பெயரிலும் கூட்டாகத் திருப்பித் தருவார். இருவருக்கும் பிறக்கும் பிள்ளைகளுக்கே அது போகும். பிள்ளை இல்லாமல் போனால், ஜோன் வேறொருவரை மணந்து பெறும் பிள்ளைகளுக்குப் போகும். முதல் தாரத்துப் பெண்கள் இருவருக்கும் வாரிசுரிமை அடியோடு போய்விட்டது. அரசின் அடுத்த வாரிசுகள் யார் என்ற வரிசையை ஏற்றுக்கொண்டு சத்தியம் செய்யவும் கில்பர்ட் வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். 1290 ஏப்ரல் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் கல்யாணம். ஜோனுக்கு 18 வயது.

மன்னரின் கண்ணில் இது குறையில்லாத ஏற்பாடு. அடுத்த தலைமுறையில் கிளேர் நிலம் முழுவதும் தன் பேரக்குழந்தைகளிடம் இருக்கும். ஆனால் ‘இருவர் பெயரிலும்’ என்று எழுதியதில் வேறொரு விஷயம் அடங்கியிருந்தது. வழக்கமாக ஒரு பெரிய நிலக்கிழார் சிறு பிள்ளையை விட்டுவிட்டு இறந்தால், பையன் வயதுக்கு வரும்வரை மன்னர் நிலத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார். விதவைக்கு மூன்றில் ஒரு பங்குதான் வாழ்நாள் அனுபோகம். கூட்டாக எழுதிய நிலத்துக்கு இந்த விதி கிடையாது. கில்பர்ட் இறந்தால் ஜோன் உயிரோடு இருக்கும்வரை முழு நிலமும் ஜோனுடையது.

1290 அந்தக் குடும்பத்துக்குக் கல்யாண வருடமாகத் தொடங்கி இழவு வருடமாக முடிந்தது. ஜூலை 8 அன்று மார்கரெட்டின் திருமணம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரும் ஆடம்பரத்தோடு நடந்தது. பத்தே நாள் கழித்து, நாட்டில் இருந்த யூதர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று அதே மன்னர் ஆணையிட்டார். பிள்ளைகளின் எதிர்காலத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், வேறு ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேரோடு பிடுங்கியதை இந்த இடத்தில் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. சிறுவன் எட்வர்டுக்கு நிச்சயித்திருந்த ஸ்காட்லாந்தின் குட்டி அரசி மார்கரெட், நார்வேயிலிருந்து வரும் வழியில் ஆர்க்னித் தீவில் செப்டம்பரில் இறந்தாள். நவம்பர் 28 அன்று லிங்கன் நகருக்குப் பக்கத்தில் ஹார்பி கிராமத்தில் அரசி எலினோர் இறந்தார். லிங்கனிலிருந்து லண்டன் வரை உடல் இரவு தங்கிய 12 இடங்களில் மன்னர் கல் சிலுவைகள் எழுப்பினார். கெடிங்டன், ஹார்டிங்ஸ்டன், வால்தம் ஆகிய மூன்று ஊர்களில் அவை இன்றும் நிற்கின்றன.

1297

கில்பர்ட் 1295 டிசம்பரில் இறந்தார். கடைசிக் குழந்தை பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பத்திரத்தின்படி நிலம் அத்தனையும் 23 வயது ஜோனிடம் நின்றது.

சரி, விதவை மறுமணம் செய்யச் சட்டம் என்ன சொன்னது? 1215இன் மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்திலேயே இதற்கு விதி உண்டு. எந்த விதவையையும் மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் மன்னரிடமிருந்து நிலம் வைத்திருப்பவள், மன்னரின் சம்மதம் இல்லாமல் மணம் முடிக்க மாட்டேன் என்று உறுதி தர வேண்டும். மணந்தவனின் கைக்கு நிலமும் கோட்டையும் படையும் போய்விடும் என்பதால் வந்த விதி.

திருச்சபையின் சட்டம் இதோடு ஒத்துப்போகவில்லை. ஆணும் பெண்ணும் மனமொத்துச் சொன்னால் அது திருமணம். தந்தையின் சம்மதமோ பிரபுவின் அனுமதியோ அதற்குத் தேவை இல்லை. 1215இல் திருச்சபையின் லேட்டரன் பொதுச்சங்கம் முன்னறிவிப்பு வேண்டும் என்றும் இரகசியத் திருமணம் கூடாது என்றும் சொன்னது. மீறினால் தண்டனை உண்டு, ஆனால் நடந்த திருமணம் செல்லும். ஜோனும் ரால்ஃபும் நின்றது இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில். மன்னர் நிலத்தைப் பறிக்கலாம், ஆளைச் சிறையில் போடலாம். கல்யாணத்தை இல்லை என்று ஆக்க அவராலும் முடியாது.

ஜோன் யோசிக்காமல் இறங்கியவர் என்று எனக்குத் தோன்றவில்லை. மணத்துக்கு முன்பே ரால்ஃபைத் தந்தையிடம் அனுப்பி நைட் பட்டம் வாங்கித் தந்திருக்கிறார். எதற்காக என்று தந்தைக்குத் தெரியாது. அப்புறம் சடங்கு முடிந்தது. வதந்தி மன்னரின் காதுக்கு எப்போது எட்டியது என்பதில் குழப்பம் இருந்தாலும், ஜனவரி இறுதியிலேயே ஜோனின் நிலங்களைக் கைப்பற்ற ஆணை போயிற்று. உண்மை முழுவதும் தெரிந்ததும் ரால்ஃபைப் பிரிஸ்டல் கோட்டையில் அடைத்தார்கள்.

ஜோன் தன் சிறு பிள்ளைகளைத் தாத்தாவிடம் அனுப்பிப் பார்த்தார். டரம் நகர ஆயர் ஆன்டனி பெக் நடுவில் நின்று பேசினார். ஜோன் தந்தையின் முன்னால் வைத்த வாதத்தைச் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்து நாளேடு பதிந்திருக்கிறது. ஒரு பெரிய பிரபு ஏழைப் பெண்ணை மணந்தால் அதை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை, அப்படியிருக்க ஒரு சீமாட்டி நல்ல இளைஞன் ஒருவனைக் கைதூக்கிவிடுவதில் என்ன தவறு என்பதுதான் அதன் சாரம். அவர் வாயிலிருந்து இந்தச் சொற்களே வந்தனவோ, துறவியின் எழுத்தில் மெருகேறினவோ, அந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. அந்த வாதத்துக்கு அரண்மனையில் யாரிடமும் பதில் இருந்திருக்காது. அந்நேரம் ஜோன் கர்ப்பமாகவும் இருந்தார். மகள் மேரி அந்த அக்டோபரில் பிறந்தாள்.

மன்னர் இறங்கி வந்தார். ஜூலை இறுதியில் நிலங்களைத் திருப்பித் தர ஆணையிட்டார். ஆகஸ்ட் 2 அன்று எல்தம் அரண்மனையில் ரால்ஃப் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்தார். மனைவியின் உரிமையால் அவரே கிளாஸ்டர் பிரபு ஆனார்.

மகள் மேல் உள்ள பாசத்தால் மனம் இளகியது என்பார்கள். பாசமும் இருந்திருக்கும். அந்தக் கோடையில் எட்வர்டின் நிலைமையையும் பாருங்கள். பிரான்ஸோடு போர், ஸ்காட்லாந்தில் வாலஸின் கலகம், வரிக்கு எதிராக ஆயர்களும் பிரபுக்களும். நாட்டின் தளபதிப் பதவியில் இருந்த ஹெரிஃபர்ட் பிரபு போஹனும், மார்ஷல் பதவியில் இருந்த பிகாடும் படையோடு வர மறுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் பிற்பகுதியில் மன்னர் ஃபிளாண்டர்ஸுக்குக் கப்பலேற வேண்டும். கிளேர் நிலத்தின் வீரர்கள் வேண்டும், அவர்களை நடத்த விசுவாசமான ஒரு தலைவனும் வேண்டும். பிரிஸ்டல் சிறையில் இருந்த ரால்ஃப் அதற்குப் பொருத்தமான ஆள். அவரும் ஏமாற்றவில்லை. பின்னர் ஸ்காட்லாந்துப் போர்களில் மன்னருக்காகத் தொடர்ந்து சண்டையிட்டார்.

அதே 1297 ஜனவரியில்தான் கடைசி மகள் எலிசபெத்துக்கும் இப்ஸ்விச் நகரில் ஹாலந்துக் கவுண்ட் ஜானோடு கல்யாணம் நடந்தது. அவளுக்கு 14 வயது. ஹாலந்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அந்த ஆண்டில் ஒருநாள் மன்னர் அவளுடைய சிறு கிரீடத்தைத் தீயில் எறிந்துவிட்டார். இது எந்த நாளேட்டுக் கதையும் இல்லை. அதில் தொலைந்த ஒரு மாணிக்கத்துக்கும் ஒரு மரகதத்துக்கும் பதிலாகப் புதியவை வாங்கிய செலவு அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. எதற்காகக் கோபம் என்று கணக்கெழுதியவர் குறிக்கவில்லை. ஒரு மகள் ஒளித்துக் கல்யாணம் செய்துகொண்டு, இன்னொரு மகள் செய்துவைத்த கல்யாணத்தின்படி கணவர் நாட்டுக்குப் போக மறுத்த வருடம் அது.

எலிசபெத்தைப் பிறகு அனுப்பினார்கள். 1299 நவம்பரில் கணவர் இறந்தார், குழந்தை இல்லை, தாய்நாட்டுக்குத் திரும்பினாள். 1302இல் அவளை ஹெரிஃபர்ட் பிரபுவுக்கே கொடுத்தார் தந்தை. 1297இல் எதிர்த்து நின்ற போஹனின் மகன்தான் மாப்பிள்ளை. இவரும் நிலத்தை ஒப்படைத்துவிட்டுக் கூட்டாகத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஜோன் விஷயத்தில் பட்ட பிறகும் எட்வர்ட் அதே பத்திர முறையை விடவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு நிலம் சேர்க்கும் ஆசை அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது.

மன்னரும் மறுமணம் செய்தார். 1299 செப்டம்பரில் கேன்டர்பரியில், பிரெஞ்சு மன்னரின் தங்கை மார்கரெட்டை. அவருக்கு 60, பெண்ணுக்குச் சுமார் 20. காஸ்கனியை முன்னிட்டு நடந்த போரை நிறுத்தச் செய்த ஏற்பாடு இது. முதல் கல்யாணத்தைப் போலவே இதற்கும் காஸ்கனிதான் காரணம். தாமஸ், எட்மண்ட், எலினோர் என்று மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அதே சமாதானத்தின் இன்னொரு பகுதியாக வாரிசு எட்வர்டுக்குப் பிரெஞ்சு மன்னரின் மகள் இசபெல்லாவை நிச்சயித்தார்கள். அவர்களுடைய மகன் மூன்றாம் எட்வர்ட், தாய் வழியில் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரப்போய் நூறாண்டுப் போர் மூண்டது.

பத்திரம் எங்கே போய் முடிந்தது

ஜோன் 1307 ஏப்ரல் 23 அன்று 35 வயதில் இறந்தார். சஃபக்கில் கிளேர் ஊர் மடத்தில் அடக்கம் செய்தார்கள். மூன்று மாதத்துக்குள் தந்தையும் போய்ச் சேர்ந்தார். ரால்ஃபின் பிரபுப் பட்டமும் சில மாதங்களில் ஜோனின் முதல் கணவருக்குப் பிறந்த மகன் கில்பர்ட்டிடம் போயிற்று. ரால்ஃப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து இன்னொரு விதவையை மணந்தார், அதையும் மன்னரின் அனுமதி இல்லாமலேயே செய்தார்.

நிலம் பேரனிடம் வந்துவிட்டது, எட்வர்ட் திட்டமிட்டபடியே. ஆனால் ஏழு ஆண்டுகள்தான். 1314 ஜூன் 24 அன்று பேனக்பர்ன் போரில் இளம் கில்பர்ட் 23 வயதில் கொல்லப்பட்டான். பிள்ளை இல்லை. கிளேர் நிலத்தை மூன்று தங்கைகளுக்குப் பங்கு போட்டார்கள். மூத்தவள் எலினோரின் கணவர் இளைய ஹியூ டெஸ்பென்சர், மற்ற பங்குகளுக்கும் ஆசைப்பட்டார். அதில் தொடங்கிய சண்டை 1321இல் உள்நாட்டுப் போராக வெடித்தது.

கடைசித் தங்கை எலிசபெத் டி கிளேர், தாயார் இரகசியத் திருமணம் செய்தபோது ஒன்றேகால் வயதுக் குழந்தை. அவளுடைய முதல் கணவர் 1313இல் இறந்தார். 1316இல் தியோபால்ட் டி வெர்டன் என்பவர் மன்னரின் அனுமதி பெறாமல் பிரிஸ்டல் கோட்டையிலிருந்து அவளைக் கொண்டுபோய் மணந்தார். ரால்ஃபை அடைத்துவைத்திருந்த அதே கோட்டை. அந்த ஜூலையிலேயே அவரும் இறந்தார். மூன்றாம் கணவர் ரோஜர் டமோரி டெஸ்பென்சரை எதிர்த்துப் போராடி 1322இல் மடிந்தார். அப்போது எலிசபெத்துக்கு 26 வயது. இன்னும் 38 ஆண்டுகள் வாழ்ந்தார், மறுபடி மணம் செய்யவில்லை. தன் பங்கு நிலத்தின் வருமானத்தைக் கேம்பிரிட்ஜில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்குக் கொடுத்து அதை நிலைநிறுத்தினார். 1359இல் அதற்கு விதிகளும் வகுத்தார். கிளேர் கல்லூரி இன்றும் நடக்கிறது. அதன் சின்னத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு, அந்த விளிம்பு முழுக்கப் பொன்னிறக் கண்ணீர்த் துளிகள்.